கிணற்று நீரில் மருந்துக்கு மசியாத ஈ.கோலை: எண்ணிக் கணக்கிடும் முறை

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கல்முனை வரைக்கும், அதற்கு அப்பால் நிந்தவூர், அக்கரைப்பற்றுக் கரையோரமும் பெரும்பாலும் மணல் நிலம். நன்னீர் கைக்கெட்டும் ஆழத்திலேயே நிற்கிறது, கீழே உவர். கொங்கிறீற் வளையம் இறக்கிய கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் இருக்கும். இரண்டுக்கும் இடையில் 50 அடி விடச் சொல்வார்கள். ஆனால் பத்துப் பேர்ச்சஸ் சதுர வளவின் ஒரு பக்கமே ஏறக்குறைய 52 அடிதான். பக்கத்து வளவுக் குழி மதிலுக்கு அந்தப் புறத்தில் எங்கே இருக்கிறதென்று பலருக்குத் தெரியாது. மாரியில் நிலத்தடி நீர் ஏறும்போது குழியில் இருப்பது கிணற்றை நோக்கி நகர்கிறது.

இப்படியான கிணறுகளில் ஈ.கோலை (மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் பக்டீரியா) இருக்கிறதா என்று பார்ப்பது பழைய வேலை. அந்த ஈ.கோலையில் எத்தனை பங்கு, செஃபோடாக்ஸிம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் அன்டிபயோட்டிக்குகளை உடைக்கும் ஈ.எஸ்.பி.எல். நொதியைச் சுமக்கிறது என்று எண்ணுவதுதான் இங்கே சொல்லப்படும் வேலை. மனிதர், உணவுச் சங்கிலி, சூழல் ஆகிய மூன்றிலும் இந்த ஒரே கிருமியைப் பின்தொடரும்படி உலக சுகாதார நிறுவனம் 2021இல் ட்ரைசைக்கிள் என்ற பெயரில் ஒரு முறையை வெளியிட்டது. கீழே உள்ளது அதே தத்துவத்தில், சாதாரண நீர்ப் பரிசோதனை வசதி உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய வடிவம். உயிரியல் பாதுகாப்பு இரண்டாம் மட்டமும், அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவும் வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் இதைத் தொடாதீர்கள்.

ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். மருந்து சேர்த்த தட்டில் மட்டும் வளர்த்துப் பார்த்துவிட்டு "இருபது கிணற்றில் எட்டில் கண்டோம்" என்று எழுதும் ஆய்வுகள் நிறைய வருகின்றன. எத்தனைக்குள் எத்தனை என்று தெரியாத எட்டுக்குப் பெறுமதி குறைவு. மருந்து சேர்த்த தட்டும் சேர்க்காத தட்டும் எப்போதும் சோடியாகவே போக வேண்டும்.

தட்டுகள்

கிருமியை வளர்க்கும் ஊடகம் டி.பி.எக்ஸ். ஏகார். ஈ.கோலையின் குளுக்குரோனிடேஸ் நொதி அதிலுள்ள நிறப்பொருளைப் பிளப்பதால் கொலனி (ஒரு கிருமி பெருகி உண்டாக்கும் புள்ளி) நீலப்பச்சையாக வரும். எவ்வளவு தூள் போடுவது என்பதைப் போத்தல் லேபிளில் பாருங்கள். பெரும்பாலும் லீற்றருக்கு 36.6 கிராம். ஓட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம்.

இருபது கிணற்றுக்கு இப்படிக் கணக்கிடலாம். ஒவ்வொன்றின் நீரையும் மென்சவ்வு வடியில் இழுத்து, அந்த வடியைத் தட்டில் வைப்போம்: மருந்தில்லாத தட்டு மூன்று (100, 10, 1 மில்லிலீற்றர்), மருந்துள்ள தட்டு இரண்டு (100, 10 மில்லிலீற்றர்). மொத்தம் 100 தட்டு. வெற்றுச் சோதனைக்கும் கட்டுப்பாட்டு இனங்களுக்கும் இன்னும் பத்துப் பதினைந்து. 90 மில்லிமீற்றர் தட்டுக்கு 20 மில்லிலீற்றர் வீதம், மருந்துள்ளது ஒரு லீற்றர், இல்லாதது ஒன்றரை லீற்றர் காய்ச்சினால் போதும். 55 மில்லிமீற்றர் சிறு தட்டுக் கிடைத்தால் செலவு ஏறக்குறைய பாதி. 47 மில்லிமீற்றர் வடி அதற்குள் சரியாக அடங்கும்.

செஃபோடாக்ஸிமின் இறுதிச் செறிவு லீற்றருக்கு 4 மில்லிகிராம். மில்லிலீற்றருக்கு 4 மில்லிகிராம் கரைசல் செய்து, ஒரு லீற்றர் ஏகாருக்கு ஒரு மில்லிலீற்றர் விடுங்கள். ஆய்வுகூடத் தரத் தூள் கிடைக்காமல் ஒரு கிராம் ஊசிமருந்துக் குப்பியைப் பயன்படுத்துவதானால், 10 மில்லிலீற்றர் கிருமிநீக்கிய நீரில் கரைத்து, அதில் 0.4 மில்லிலீற்றரை எடுத்து 9.6 மில்லிலீற்றர் நீருடன் சேர்த்தால் அந்தச் செறிவு வரும். கரைசலை ஒவ்வொரு மில்லிலீற்றராகப் பிரித்து உறையவையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

ஏகார் 50 பாகைக்கு ஆறிய பின்புதான் மருந்தை விட வேண்டும். போத்தலைக் கையில் பிடிக்க முடிகிறதே என்று நம்பாமல் நீர்த்தொட்டியை 50இல் வைத்து அதற்குள் அரை மணி நேரம் நிறுத்துங்கள். சூட்டில் விட்டால் மருந்தின் ஒரு பகுதி சிதைந்துவிடும். பிறகு மருந்துக்கு அடங்கும் ஈ.கோலையும் அந்தத் தட்டில் முளைத்து, ஊரெல்லாம் எதிர்ப்புக் கிருமி என்று கணக்குக் காட்டும். ஊற்றிய தட்டுகளைப் பொலித்தீனில் சுற்றி, 4 பாகையில், இருட்டில் வைத்து இரண்டு கிழமைக்குள் முடியுங்கள்.

ஒவ்வொரு முறை ஏகார் காய்ச்சி ஊற்றியதிலும் இரண்டு தட்டை எடுத்துச் சோதியுங்கள். மருந்துக்கு அடங்கும் கட்டுப்பாட்டு இனமான ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922 மருந்துத் தட்டில் வளரவே கூடாது. ஈ.எஸ்.பி.எல். உள்ள ஈ.கோலை என்.சி.டி.சி. 13353 மருந்துள்ள தட்டு, இல்லாத தட்டு இரண்டிலும் நீலப்பச்சையாக வளர வேண்டும். முதலாவது வளர்ந்தால் அந்த முறை காய்ச்சி ஊற்றிய எல்லாத் தட்டுகளையும் எறியுங்கள். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கிணற்றடியில்

500 மில்லிலீற்றர் அகன்ற வாய்ப் போத்தல்கள். ஓட்டோகிளேவில் வைக்கும் முன்பே ஒவ்வொன்றிலும் 10% சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் 0.5 மில்லிலீற்றர் விடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரின் இடுவது வழக்கம். நீரில் குளோரின் மிச்சமிருந்தால், நீங்கள் ஆய்வுகூடம் போய்ச் சேருமுன் போத்தலுக்குள்ளேயே கிருமி செத்துவிடும். தயோசல்பேற்று அந்தக் குளோரினைச் செயலிழக்கச் செய்கிறது. போத்தலை நீரில் அலசினால் அது வெளியே போய்விடும். ஆகவே அலசாமல் நேரே நிரப்புங்கள். எப்போது கடைசியாகக் குளோரின் போட்டார்கள் என்று கேட்டு எழுதுவதும், டி.பி.டி. மாத்திரையால் எஞ்சிய குளோரினை அங்கேயே அளப்பதும் கட்டாயம். குளோரின் போட்ட மறுநாள் எடுத்த மாதிரியில் பூச்சியம் வந்தால் அது கிணற்றைப் பற்றி எதையும் சொல்லாது.

வீட்டு வாளியால் அள்ளிய நீர் வேண்டுமா, கிணற்று நீர் வேண்டுமா? இரண்டும் இரண்டு கேள்வி. வாளியும் கயிறும் நாள் முழுக்க நிலத்தில் கிடந்து, கோழி மிதித்து, கைபட்டு வருபவை. கிணற்றைப் பற்றி எழுதப் போகிறீர்களானால் போத்தலையே இறக்க வேண்டும். கிருமிநீக்கிய நைலோன் கயிறு, அடியில் ஸ்பிரிட்டில் துடைத்த பாரம். வளையத்தில் முட்டாமல் நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இறக்கி நிரப்பி, குலுக்குவதற்கு மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். சுவரில் முட்டினால் பாசியும் அதில் ஒட்டியதும் சேர்ந்து வரும். அந்தப் போத்தலை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள். மோட்டரும் குழாயும் பூட்டி மூடிய கிணறு என்றால், குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மேலே உள்ள தாங்கியிலிருந்து வரும் குழாயில் பிடிக்காதீர்கள். அது தாங்கி நீர்.

போகும் நேரத்தையும் பாருங்கள். விடியலிலும் பின்னேரத்திலும் கிணற்றடியில் பெண்கள் குளிப்பார்கள். அக்கா, ராத்தா என்று கூப்பிட்டு, எதற்கு வந்தோம் என்று சொல்லி, குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கும்படி போனால் மதிலுக்கு அந்தப் பக்கக் குழியையும் அவர்களே காட்டித் தருவார்கள். அந்தத் தகவல் இல்லாமல் மாதிரிக்குப் பாதிப் பெறுமதிதான். ஒவ்வொரு கிணற்றுக்கும் மீற்றர் நாடாவால் அளந்து எழுத வேண்டியவை: சொந்தக் குழிக்கும் அயலவர் குழிக்கும் உள்ள தூரம், நிலத்திலிருந்து நீர்மட்டம், சீமெந்து மேடையில் வெடிப்பு உண்டா, கோழி, மாடு கட்டும் இடம் எவ்வளவு தள்ளி, முந்திய 48 மணி நேரத்தில் மழை பெய்ததா. வீட்டில் யாராவது கடந்த மூன்று மாதத்துக்குள் வைத்தியசாலையில் தங்கினார்களா என்று கேட்பதானால் அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, போத்தல்கள் ஐஸ் உருகிய நீரில் மூழ்காதபடி அடுக்குங்கள். மூடி வழியாக அந்த நீர் உள்ளே போனால் எல்லா மாதிரியும் ஒன்றாகிவிடும். ஆறு மணி நேரத்துக்குள் வடித்தால் நல்லது. 24 மணிக்கு மேல் போனதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பொத்துவில் பக்கமோ வாகரைப் பக்கமோ போகிறீர்களென்றால் தூரத்துக் கிணற்றை முதலில் எடுத்து, மற்றவற்றைத் திரும்பும் வழியில் எடுங்கள்.

வடித்தல்

0.45 மைக்ரோமீற்றர் துளை, கட்டம் போட்ட மென்சவ்வு வடிகள். மின்சாரம் போனால் கைப்பம்பாலும் இழுக்கலாம். ஒன்றை வாங்கி வையுங்கள், மாரிக்காலத்தில் உதவும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாளைக்குப் பத்துக் கிணறு தாராளம். ஒருவராக இருபதுக்கு ஆசைப்பட்டால் லேபிள் மாறும்.

நாளின் முதல் வடிப்பு எப்போதும் கிருமிநீக்கிய நீர் 100 மில்லிலீற்றர். கடைசி வடிப்பும் அதுவே. இரண்டில் எதிலாவது நீலப்பச்சைப் புள்ளி வந்தால் அந்த நாளின் குறைந்த எண்ணிக்கைகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. மாதிரிக்கு மாதிரி கிருமிநீக்கிய புனல். ஒரே மாதிரிக்குள் 1, 10, 100 என்று சிறிதிலிருந்து பெரிதுக்குப் போனால் புனலை மாற்றத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 மில்லிலீற்றர் கிருமிநீக்கிய நீரால் சுவரைக் கழுவி இழுத்தால் போதும். 1 மில்லிலீற்றரை நேரே விடாமல், புனலில் முதலில் 20 மில்லிலீற்றர் கிருமிநீக்கிய நீரை ஊற்றி அதற்குள் விடுங்கள். இல்லாவிட்டால் கொலனிகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து எண்ண முடியாமல் போகும். போத்தலை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இருபது முறை குலுக்குங்கள், ஈ.கோலை மணற் துகளோடு அடியில் உட்கார்ந்துவிடும்.

வடியைத் தட்டில் வைக்கும்போது ஒரு விளிம்பைத் தொட்டு மெதுவாக உருட்டிப் படியவிடுங்கள். அடியில் காற்று அகப்பட்டால் அந்த இடத்துக்கு ஊடகம் போகாது, வெள்ளைத் திட்டாகவே நிற்கும். அங்கே கொலனி வராதது கிருமி இல்லாததால் அல்ல.

எங்கள் கரையோரத்தில் அதிகம் கரைச்சல் தருவது இரும்பும் பொடி மணலும். இரும்பு கூடிய கிணற்று நீர் வடியைக் கபில நிறமாக்கி, நீலப்பச்சையை மறைக்கும். பொடி மணல் வடியை அடைக்கும். முன்கூட்டி வேறு வடியால் மணலை நீக்கலாம் என்று தோன்றும். செய்யக் கூடாது. துகளில் ஒட்டிய கிருமியும் போய்விடும். 100 மில்லிலீற்றரை நான்காகப் பிரித்து நான்கு வடியில் 25, 25ஆக இழுத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். செலவு கூடும், வேறு வழியில்லை.

44 பாகை

தட்டுகளை 30 பாகையில் நான்கு மணி நேரம் வைத்து, பிறகு 44 பாகையில் மொத்தம் 18 முதல் 24 மணி நேரம் ஆகும் வரை வையுங்கள். கிணற்றில் பட்டினி கிடந்து, குளோரின் பட்டு நலிந்த கிருமிக்கு அந்த நான்கு மணி நேரம் உயிர் கொடுக்கும். நேரே 44க்குள் வைத்தால் அவற்றில் பல எழும்பாது.

44 என்பது அரைப் பாகைக்குள் நிற்க வேண்டும். இன்கியூபேட்டரின் முகப்பு எண்ணை நம்பாமல், நீர் நிரப்பிய போத்தலுக்குள் அளவுதிருத்திய வெப்பமானியை இட்டு மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் பாருங்கள். 46க்குப் போனால் ஈ.கோலையே நலியும், 42க்கு இறங்கினால் வேறு கிருமிகள் நெருக்கி வளரும். தட்டுகளை ஆறுக்கு மேல் அடுக்கினால் நடுவில் இருப்பவை பிந்திச் சூடேறும்.

எண்ணுதல்

வடியில் 20 முதல் 80 கொலனி வரை உள்ள தட்டுத்தான் கணக்குக்கு நல்லது. கொலனியை வடித்த கனவளவால் வகுத்து நூறால் பெருக்கினால் 100 மில்லிலீற்றருக்கான எண்ணிக்கை வரும். ஒன்றுமே வராவிட்டால் "இல்லை" என்று எழுதாமல் "100 மில்லிலீற்றரில் ஒன்றுக்கும் குறைவு" என்று எழுதுங்கள்.

மருந்தில்லாத தட்டிலிருந்தும் மருந்துள்ள தட்டிலிருந்தும் ஐந்து ஐந்து நீலப்பச்சைக் கொலனிகளை எடுத்து, மக்கொன்கி ஏகாரில் தூய்மையாக்கி, ஈ.கோலைதானா என்று உறுதிசெய்ய ஒக்சிடேஸ், இண்டோல் சோதனைகளைப் பாருங்கள். ஒக்சிடேஸ் எதிர்மறையாகவும், இண்டோலுக்குக் கோவாக்ஸ் கரைசல் விட்டதும் சிவப்பு வளையமும் வர வேண்டும். கண்ணுக்கு அழகான கொலனிகளை மட்டும் பொறுக்காமல் ஒரு கட்டத்தைத் தேர்ந்து அதிலுள்ளவற்றை வரிசையாக எடுங்கள்.

ஓர் எடுகோள் கணக்கு. மருந்தில்லாத 10 மில்லிலீற்றர் தட்டில் 64 கொலனி. எடுத்த ஐந்தும் ஈ.கோலை. ஆகவே 100 மில்லிலீற்றருக்கு 640. மருந்துள்ள 100 மில்லிலீற்றர் தட்டில் 25. எடுத்த ஐந்தில் நான்கு ஈ.எஸ்.பி.எல். என்று உறுதியாயின. ஆகவே 20. பங்கு ஏறக்குறைய 3%. அடுத்த வளவுக் கிணற்றில் மொத்தம் 24, ஈ.எஸ்.பி.எல். 12, பங்கு 50%. இரண்டாவது கிணறு முதலாவதைவிட மிகவும் சுத்தமானது. ஆனால் அதற்குள் வந்த சிறு கசிவு எதிர்ப்புக் கிருமியைக் கூடுதலாகச் சுமப்பவர் ஒருவரின் குழியிலிருந்து வந்திருக்கலாம். பங்கை மட்டும் அச்சிட்டால் சுத்தமான கிணறு பயங்கரமாகத் தெரியும். எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டால் மூலம் மறையும். அட்டவணையில் இரண்டும் வேண்டும்.

மொத்த ஈ.கோலை இருபதுக்குக் குறைந்த கிணற்றுக்கு வீதம் போடவே வேண்டாம். ஒரு வீதமான எதிர்ப்பைக் காண்பதற்குச் சராசரியாக நூறு ஈ.கோலையையாவது வடித்திருக்க வேண்டும். சுத்தமான கிணறுகளில் மருந்துத் தட்டுக்கு 100க்குப் பதில் 250 மில்லிலீற்றர் வடிப்பது இதற்காகத்தான்.

உறுதிப்படுத்தல்

செஃபோடாக்ஸிமில் வளர்ந்ததெல்லாம் ஈ.எஸ்.பி.எல். அல்ல. ஆம்ப்-சி என்ற வேறொரு நொதி உள்ளவையும் வளரும். பிரித்தறிய கிளவுலானிக் அமிலம் உதவும், அது ஈ.எஸ்.பி.எல். நொதியைத் தடுக்கும், ஆம்ப்-சியைத் தடுக்காது. முல்லர்-ஹின்டன் ஏகார், 4 மில்லிமீற்றர் தடிப்பு, மக்ஃபர்லண்ட் அளவில் 0.5 அடர்த்தியான கிருமிக் கலங்கல். கலங்கல் செய்து 15 நிமிடத்துக்குள் பூசி, பூசி 15 நிமிடத்துக்குள் மருந்தூட்டிய வில்லைகளை வையுங்கள். செஃபோடாக்ஸிம் 30 மைக்ரோகிராம், செஃப்டாசிடிம் 30, இவை ஒவ்வொன்றுக்கும் 10 மைக்ரோகிராம் கிளவுலானிக் அமிலம் சேர்ந்த சோடி. 35 பாகை, 16 முதல் 18 மணி நேரம். இரண்டு சோடியில் ஒன்றிலாவது கிளவுலானிக் அமிலம் சேர்ந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம், சேராத வில்லையின் வளையத்தைவிட 5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ பெரிதானால் ஈ.எஸ்.பி.எல்.

அதே தூய வளர்ப்பில் மெரோபெனம் 10, சிப்ரோஃப்ளொக்சசின் 5, ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம் வில்லைகளையும் பாருங்கள். ஈ.எஸ்.பி.எல். மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் (கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையம்) இருப்பதால் வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் அதே பொதியில் வருவதுண்டு. மெரோபெனம் வளையம் சுருங்கியிருந்தால் வேலையை நிறுத்தி, அந்த வளர்ப்பை மருத்துவ நுண்ணுயிரியல் நிபுணரிடம் கொடுத்து உறுதிசெய்யுங்கள்.

இந்தக் கட்டத்தில் மிக அதிகமாகக் காணும் பிழை, வளைய அளவை வாசிப்பதற்கான அமெரிக்க சி.எல்.எஸ்.ஐ. அட்டவணையையும் ஐரோப்பிய யூகாஸ்ட் அட்டவணையையும் கலப்பது. செஃபோடாக்ஸிம் வில்லை ஒன்றில் 30, மற்றதில் 5 மைக்ரோகிராம். செஃப்டாசிடிம் 30, 10. 5 மைக்ரோகிராம் வில்லையை வைத்துவிட்டு 30க்கான எல்லையால் வாசித்தால் அடங்கும் கிருமியும் எதிர்ப்பாகத் தெரியும். ஆய்வு தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்து, ஆண்டுப் பதிப்பையும் எழுதி வைத்து, முடியும்வரை மாற்றாதீர்கள். வில்லைக் குப்பியை உறைபெட்டியிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் விட்ட பிறகே திறவுங்கள். குளிரோடு திறந்தால் உள்ளே ஈரம் படிந்து மருந்து சிதையும்.

உறுதியான வளர்ப்புகளை 20% கிளிசரோலில் −80 பாகையில், இரண்டு பிரதியாக வையுங்கள். பயன்படுத்திய தட்டுகளும் வில்லைகளும் 121 பாகையில் 30 நிமிடம் போன பிறகுதான் குப்பைக்கு.

வீட்டுக்காரர் கேட்பது

"தண்ணியக் குடிக்கலாமா, ஏலாதா?" இதுதான் அவர்களின் கேள்வி, வீதக் கணக்கு அவர்களுக்குத் தேவையில்லை. இலங்கைக் குடிநீர்த் தரத்தின்படி 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆகவே எதிர்ப்பு உள்ளதோ இல்லையோ, ஈ.கோலை கண்ட கிணற்று நீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மருந்துக்கு மசியாத கிருமி கொதிநீருக்கும் குளோரினுக்கும் மற்றதைப் போலவே சாகும். இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் எந்த வைத்தியத்துக்கும் அடங்காத விஷம் கிணற்றில் இருக்கிறதென்று கதை பரவும். வயிற்றில் இந்தக் கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் எதுவும் இல்லை. அதற்காக யாரும் மருந்துக்கடையில் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கத் தேவையில்லை. சிறுநீர்த் தொற்று வந்தால், மருந்து தொடங்குமுன் சிறுநீர் வளர்ப்புச் சோதனை செய்யலாமா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

அறிக்கையில் கிணற்றுக்கு இலக்கம் மட்டும் இடுங்கள்; வீட்டுப் பெயரோ ஒழுங்கைப் பெயரோ வேண்டாம். முடிவைப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கொடுத்து, குளோரின் இடுவதை அவர்கள் வழியாகவே செய்வியுங்கள். குளோரின் இட்ட கிணற்றில் எஞ்சிய குளோரின் பூச்சியத்துக்கு இறங்கிய பின், அதே கனவளவுகளில் மறுபடி வடியுங்கள். மார்கழியில் எடுத்த ஒவ்வொரு கிணற்றிலும் ஆவணியில் ஒருமுறையாவது எடுக்க வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கியபோதும் எண்ணிக்கை குறையாத கிணற்றுக்கு, குழியை விட்டு மேடை வெடிப்பையும் வாளியையும் முதலில் பாருங்கள்.